லண்டனைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

"லண்டனில் ஐந்து நாள் இருக்கப் போகிறோம், அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள், பட்ஜெட் கொஞ்சம்தான், எப்படிச் சுற்றுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டியூப் என்கிற சுரங்க ரயிலைக் குறைத்துக்கொண்டு சிவப்பு பஸ்ஸில் சுற்றுங்கள். 2024 ஜூனில் நான் அம்மாவோடு ஆறு நாள் சுற்றினேன். முதல் நாள் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டது இது.

அன்று லெஸ்டர் ஸ்கொயரில் இருந்தோம். காவென்ட் கார்டன் போக வேண்டும். டியூப் மேப்பில் அதுதான் அடுத்த ஸ்டேஷன். கார்டைத் தட்டி உள்ளே போய், எஸ்கலேட்டரில் இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து ஏறினால், உட்காரலாமா என்று யோசிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே முந்நூறு மீட்டர்கூட இல்லை. இறங்கிய இடத்தில் லிஃப்டுக்கு ஏகக் கூட்டம். "படி இருக்கும்மா, ஏறிடலாம்" என்று நான்தான் சொன்னேன். சுழல் படிக்கட்டு, மொத்தம் 193 படி. பதினைந்து மாடி ஏறுவதற்குச் சமம் என்று போர்டே வைத்திருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. மேலே வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே அம்மா கேட்டார்: "இதுக்குக் காசு வேற குடுத்தியாடா?"

கொடுத்திருந்தேன், ஆளுக்கு இரண்டரைப் பவுண்டுக்கு மேல். மேலே ரோட்டோடு நடந்திருந்தால் ஐந்து நிமிடம்.

தப்பு மேப் மீது இல்லை. ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளிவந்த அந்த வரைபடம் எந்த ஸ்டேஷனுக்கு அடுத்து எது, எங்கே மாற வேண்டும் என்பதைச் சொல்வதற்கானது. தூரத்தை அதில் பார்க்கக் கூடாது. மத்திய லண்டனில் எங்கே போவதானாலும் முதலில் போனில் நடைதூரம் பாருங்கள். பாதி இடங்களுக்கு டிக்கெட்டே தேவைப்படாது.

இனி பஸ். நான் போனபோது கட்டணம் 1.75 பவுண்டு. எவ்வளவு தூரம் போனாலும் அதேதான். முதல் முறை கார்டைத் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் மறுபடி காசு பிடிக்காது. நாள் முழுக்கப் பஸ்ஸிலேயே சுற்றினாலும் அப்போது 5.25 பவுண்டோடு நின்றுவிட்டது, அதற்குமேல் எல்லாம் இலவசம். 2014இலிருந்து பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு கட்டாயம். ஏறும்போது தட்டினால் போதும், இறங்கும்போது தட்ட வேண்டாம்.

ஏறியதும் நேரே மாடிக்குப் போய் முன் சீட்டைப் பிடியுங்கள். சுற்றுலா பஸ்காரர்கள் பல மடங்கு வாங்கிக்கொண்டு காட்டுவதில் முக்கால்வாசி அங்கிருந்தே தெரியும். எங்களுக்கு ரொம்பப் பிடித்தது 15ஆம் நம்பர். டிரஃபால்கர் ஸ்கொயரில் ஏறினால் ஸ்ட்ராண்ட், ஃப்ளீட் ஸ்ட்ரீட், செயின்ட் பால்ஸ் கதீட்ரல் வழியாக டவர் ஆஃப் லண்டன் வரை. ஒரு திருப்பத்தில் மரக்கிளை கண்ணாடியில் சடசடவென்று அடித்தது. அம்மா பின்னால் சாய்ந்துகொண்டார், அப்புறம் அடுத்த மரம் எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். டிராஃபிக்கில் மெதுவாகத்தான் போகும், உண்மைதான். ஊர் பார்க்க வந்தவர்களுக்கு அது வசதிதானே.

கார்டு விஷயத்தில் கவனம். ஒரு கார்டு ஒருவருக்குத்தான், நான்கு பேருக்கு நான்கு கார்டு வேண்டும். நம் ஊர் வங்கிக் கார்டு என்றால் கிளம்பும் முன்பே வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை, கான்டாக்ட்லெஸ் இரண்டையும் ஆன் செய்துகொள்ளுங்கள். டியூப்பில் மட்டும் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும், அதுவும் ஒரே கார்டை. நான் ஒரு நாள் கார்டைத் தட்டி உள்ளே போய், வெளியே வரும்போது அதே கார்டு இருக்கிற போனைத் தட்டிவிட்டேன். மெஷினுக்கு அது இரண்டு வேறு ஆட்கள். முடியாத பயணம் இரண்டு என்று கணக்காகி இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் போனது. அந்தக் காசில் மூன்று நாள் பஸ்ஸில் சுற்றியிருக்கலாம்.

ஹீத்ரோவில் இறங்கினால் அவசரப்பட்டு ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் டிக்கெட் எடுக்காதீர்கள், நான் போனபோது அது ஆளுக்கு 25 பவுண்டு. பிக்காடில்லி லைன் டியூப் அப்போது ஆறு பவுண்டுக்குள் ஊருக்குள் கொண்டுவந்து விட்டது, ஒரு மணி நேரம் ஆகும். எலிசபெத் லைன் ரயில் சீக்கிரம் போகும், ஆனால் பிக்காடில்லியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பெரியவர்கள் களைத்திருந்தால் அதற்குக் கொடுக்கலாம்.

பார்க்கிற செலவுக்கு வருவோம். பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் மூன்றுமே இலவசம். பிரிட்டிஷ் மியூசியத்தை முழுக்கப் பார்க்க நினைத்தால் கால்தான் போகும். நாங்கள் பழைய எகிப்திய எழுத்து பொறித்த ரொசெட்டா கல்லை எட்டிப் பார்த்துவிட்டு நேரே 33ஆம் அறைக்குப் போனோம். சோழர் கால நடராஜர் அங்கே இருக்கிறார். பக்கத்திலேயே கண்ணாடிக்குப் பின்னால் ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். அம்மா செருப்பைக் கழற்றலாமா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். விக்டோரியா ஆல்பர்ட்டில் நாங்கள் போனபோது திப்பு சுல்தானின் மரப் புலி பொம்மை இருந்தது, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து எடுத்துப் போனது. வெள்ளிக்கிழமை இந்த மூன்றுமே இரவு வரை திறந்திருக்கும், கூட்டமும் குறையும். வெள்ளி மாலையை மியூசியத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஷார்டு என்கிற உயரக் கட்டடத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். இன்னொரு உயரக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் ஸ்கை கார்டன் இலவசம், முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், டிக்கெட் சட்டென்று தீர்ந்துவிடும். செயின்ட் பால்ஸுக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கும் நுழைவுக் கட்டணம் அதிகம். மாலை வழிபாட்டுக்கு யார் வேண்டுமானாலும் சும்மா போய் உட்காரலாம். சுற்றிப் பார்க்கவோ போட்டோ எடுக்கவோ விடமாட்டார்கள், ஆனால் அங்கே பாடகர் குழு பாடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதே தனி சுகம்.

கிரீனிச்சுக்கு ஒரு நாள் வையுங்கள். டிஎல்ஆர் ரயிலுக்கு டிரைவர் கிடையாது, முன் சீட்டில் உட்கார்ந்தால் நாமே ஓட்டுவது போல இருக்கும். ரயில் ஆற்றைக் கடப்பதற்கு முன்பே ஐலண்ட் கார்டன்ஸில் இறங்கி, 1902இல் திறந்த நடைபாதைச் சுரங்கம் வழியாகத் தேம்ஸுக்கு அடியில் நடந்தே அக்கரை போய்விடலாம், காசு இல்லை. குன்றின் மேல் வானாய்வுக்கூட முற்றத்தில் பூஜ்ஜியத் தீர்க்கரேகைக் கோட்டின்மேல் நின்று போட்டோ எடுக்க டிக்கெட். அதே கோடு வெளிச்சுவரிலும் ஓடுகிறது, அங்கே கேட்க ஆள் இல்லை.

சாப்பாட்டுக்கு மதியம் சூப்பர்மார்க்கெட் மீல் டீல் (சாண்ட்விச், நொறுக்கு, பானம் மூன்றும் சேர்த்து ஒரே விலை) போதும். இரண்டு நாளில் அலுத்துவிடும், அப்போது ஈஸ்ட் ஹாம் போங்கள். தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன, தோசை கிடைக்கும்.

காசு கொடுத்து நாங்கள் பார்த்தது டவர் ஆஃப் லண்டன் மட்டும்தான், ஆளுக்கு 30 பவுண்டுக்கு மேல். கோஹினூரைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். கிரீடங்கள் இருக்கும் இடத்தில் நின்று பார்க்க முடியாது, நகரும் பாதை நம்மைக் கொண்டுபோய்விடும். "இதுக்கா இவ்வளவு?" என்று இறங்கியவர், மறுபடி சுற்றி வந்து இன்னொரு முறை ஏறிப் பார்த்தார்.