குழாய்த் தண்ணீர், மீன் தொட்டி, நடுவில் ஒரு பாட்டில்: கேள்வி பதில்

சனிக்கிழமை காலையில் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவார்கள். மதியம் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். சாயங்காலம் எனக்குச் செய்தி வரும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருபது வருடத்துக்கு மேல் தொட்டி வைத்திருக்கிறேன், இந்தக் கதை மட்டும் மாறவே இல்லை. நான் வளர்ந்தது தூத்துக்குடிப் பக்கம். கிணற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றினால் போதும், கப்பி மீன் பெருகிக்கொண்டே போகும். அந்த நினைப்பிலேயே இங்கே வந்த முதல் மாதம் குழாயைத் திறந்து பாதித் தொட்டியை நிரப்பினேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே எட்டுக் கப்பியும் போய்விட்டன. அதனால் கேட்பவர்கள் யாரையும் நான் கேலி செய்வதில்லை.

குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின்தான் மீனுக்கு எமன். அதை நீக்கும் கண்டிஷனர் மருந்துதான் தலைப்பில் சொன்ன பாட்டில். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்: அண்ணா, தண்ணிய ஒரு நாள் பக்கெட்ல பிடிச்சு வச்சா குளோரின் தானா போயிடும்னு எங்க மாமியார் சொல்றாங்க. அப்ப பாட்டில் எதுக்கு?

மாமியார் சொல்வது பாதி சரி. வெறும் குளோரினாக இருந்தால், வாய் அகலமான பக்கெட்டில் திறந்து வைத்தால் ஒரு நாளில் பறந்துவிடும். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டால் இன்னும் சீக்கிரம். ஆனால் தூசி விழும் என்று மூடி போட்டு வைத்தீர்களானால் குளோரின் எங்கே போகும்?

மீதிப் பாதிதான் சிக்கல். சில ஊர்களில் குளோரினோடு அம்மோனியாவையும் சேர்த்து குளோரமைனாக்கி அனுப்புகிறார்கள். நூறு கிலோமீட்டர் குழாயில் போனாலும் வீரியம் குறையாமல் கிருமியைக் கொல்ல வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். குழாயிலேயே போகாதது பக்கெட்டில் ஒரே இரவில் போய்விடுமா? நாள் கணக்கில் அப்படியே கிடக்கும்.

லெனேசியா: எங்கள் தண்ணீரில் இருப்பது குளோரினா, குளோரமைனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் என்பதால் உங்களுக்குப் பதில் சுலபம். உங்கள் வட்டாரத்துக்குத் தண்ணீர் அனுப்பும் ராண்ட் வாட்டர் நிறுவனம் சுத்திகரிப்பு நிலையத்தில் முதலில் குளோரின் போடுகிறது. பிறகு வழியில் உள்ள பூஸ்டர் நிலையங்களில் அதைக் குளோரமைனாக மாற்றுகிறது. லெனேசியாக்காரர்கள் குளோரமைன் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

மற்ற ஊர்க்காரர்கள் சோதித்துப் பாருங்கள். நீச்சல் குளச் சாமான் விற்கும் கடை இந்த நாட்டில் எந்த மூலையில் இல்லை? அங்கே இரண்டு வகை கிட் கிடைக்கும். மஞ்சள் நிறம் காட்டுவது மலிவு. ஆனால் குளோரினுக்கும் மஞ்சள்தான், குளோரமைனுக்கும் மஞ்சள்தான். பிரித்துச் சொல்லாது. ரோஸ் நிறம் காட்டும் டி.பி.டி. கிட் வாங்குங்கள்.

போன வாரம் ஒரு நண்பர் வீட்டுச் சமையலறையில் செய்து பார்த்தோம். சின்னக் கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதில் முதல் மாத்திரை. லேசான ரோஸ், ரோஜாப்பூ ஷர்பத்தில் நிறையத் தண்ணீர் விட்டது போல. அது தனிக் குளோரினின் அளவு. அதே குழாயில் மூன்றாம் எண் மாத்திரையைப் போட்டு ஆட்டிவிட்டு வைத்தோம். இரண்டு நிமிடத்தில் நிறம் ஏறி ஏறிப் பீட்ரூட் சாறு போல ஆகிவிட்டது. முதல் நிறத்துக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் அம்மோனியாவோடு கட்டுண்டு கிடக்கும் குளோரின். நிறம் மாறாமல் அப்படியே நின்றிருந்தால் வெறும் குளோரின் என்று அர்த்தம்.

மஞ்சள் கிட்தான் கையில் இருக்கிறதா? பக்கெட் தண்ணீரில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு முழு நாள் ஓடவிட்டுப் பிறகு சோதியுங்கள். அப்போதும் நன்றாக மஞ்சள் வந்தால் குளோரமைன்.

இன்னொன்று. குடிதண்ணீருக்கான சான்ஸ் 241 என்ற இந்த நாட்டுத் தர அளவு, தனிக் குளோரின் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை, மோனோகுளோரமைன் என்ற குளோரமைன் வகை 3 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. மனிதனுக்கு அதில் ஒன்றும் ஆகாது. மீனின் செவுளுக்கு அதில் ஐம்பதில் ஒரு பங்கே தொந்தரவு. ‘நாங்க குடிக்கிற தண்ணிதானே’ என்ற வாதத்தை இதோடு விட்டுவிடுவோம்.

பீனிக்ஸ்: கடையில் ஏழெட்டு பாட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?

முன்பக்கம் மீன் படம் போட்டிருக்கும். அதை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, குளோரமைன், அம்மோனியா என்ற சொற்கள் இருக்கின்றனவா? ‘குளோரினை நீக்கும்’ என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது சோடியம் தயோசல்பேட். அது குளோரமைனையும் உடைக்கும், ஆனால் உடைத்த கையோடு அம்மோனியாவைத் தொட்டியில் விட்டுவிட்டுப் போய்விடும். திருடனைப் பிடித்துவிட்டு அவன் கத்தியை வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போன மாதிரி.

இரண்டு, எத்தனை லிட்டருக்கு எத்தனை மில்லி. விலை ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைவிட இதுதான் உண்மையான விலை. சீகெம் பிரைம் என்ற கண்டிஷனர் 200 லிட்டருக்கு 5 மில்லி. 250 மில்லி பாட்டில் 10,000 லிட்டருக்கு வரும். இன்னொரு வகையில் 10 லிட்டருக்கு 5 மில்லி என்று போட்டிருக்கும். அதே 250 மில்லி, 500 லிட்டரோடு காலி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டாவது மலிவாகத் தெரியும். வாரா வாரம் 40 லிட்டர் மாற்றுகிறவருக்கு ஒன்று நாலரை வருடத்துக்கு மேல் வரும், மற்றது மூன்று மாதம்.

கற்றாழை சேர்த்தது, மீனின் வழவழப்பைக் காப்பது என்பதெல்லாம் அவரவர் விருப்பம். நல்ல தண்ணீரில் இருக்கும் மீன் தன் வழவழப்பைத் தானே பார்த்துக்கொள்ளும். நான் அதற்காக ஒரு ராண்ட் கூடக் கூடுதலாகக் கொடுத்ததில்லை.

வெருலம்: எனக்கு ஆயிரம் லிட்டர் கோய் மீன் தொட்டி. பாட்டில் கட்டுப்படி ஆகவில்லை. ஊரில் ‘ஹைப்போ’ போடுவார்களே, அது இங்கே நடக்குமா?

நடக்கும் ஐயா. அந்தக் காலத்துப் போட்டோ ஸ்டூடியோ இருட்டறையில் இருந்த ஹைப்போவும் மீன்கடையில் கல் கல்லாக விற்ற ஹைப்போவும் ஒன்றேதான், சோடியம் தயோசல்பேட். 100 கிராம் கல்லைக் கரைத்து மொத்தம் 1 லிட்டராக்கிக்கொள்ளுங்கள். அதில் 20 மில்லியில் 2 கிராம் இருக்கும். ஒரு பங்கு குளோரினுக்குச் சுமார் ஏழு பங்கு ஹைப்போ என்று கணக்கு. ஆகவே 100 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான குளோரினை எடுத்துவிடும். ஊற்றியபின் கிட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கரைசலை நிறமுள்ள பாட்டிலில், வெயில் படாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மஞ்சளாக ஏதாவது படிந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்கலாம்.

முதலில் குளோரமைன் சோதனை செய்யுங்கள். அது இருந்தால் ஹைப்போவை மட்டும் நம்பி 1,000 லிட்டரில் பாதியை மாற்றாதீர்கள்.

டோங்காட்: தண்ணீர் இரண்டு நாள் நின்றுவிட்டு வந்தால் பழுப்பாக வருகிறது. சில சமயம் டேங்கர் தண்ணீர்தான். பாட்டிலில் போட்ட அளவு போதுமா?

2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் ஊர் சுத்திகரிப்பு நிலையமே சேதமாகிப் பல மாதம் பக்கெட்டோடு வரிசையில் நின்றவர்கள் நீங்கள். தண்ணீரின் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நின்று வரும் தண்ணீரில் குழாய்க்குள் படிந்த துரு, காற்று, சில சமயம் வழக்கத்தைவிட அதிகக் குளோரின், எல்லாம் சேர்ந்து வரும். பழுப்பு போகும்வரை அதைச் செடிக்கும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். தெளிந்தபிறகும் அன்றைக்கே தொட்டிக்கு வேண்டாம், ஒரு நாள் விடுங்கள். டேங்கர் தண்ணீரை ஒவ்வொரு முறையும் கிட்டில் பார்த்துவிட்டு, அளவுக்கு ஏற்ப ஊற்றுங்கள். பாட்டிலில் போட்ட அளவு வழக்கமான குழாய்த் தண்ணீரை மனதில் வைத்து எழுதியது.

தண்ணீர் மாற்றாமல் ஒரு வாரம் தள்ளிப் போனால் மீன் செத்துவிடாது. தீனியைப் பாதியாகக் குறையுங்கள், அது போதும். அவசரப்பட்டு மாற்றிச் செத்த மீன்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: 100 லிட்டர் தொட்டியில் 25 லிட்டர் மாற்றுகிறேன். மருந்து 25-க்கா, 100-க்கா?

பக்கெட்டிலேயே கலந்து ஊற்றினால் 25-க்கு. ஹோஸ் பைப்பை நேராகத் தொட்டியில் விட்டால் 100-க்கு, அதுவும் குழாயைத் திறப்பதற்கு முன்பு.

லாடியம்: மலாவி சிக்லிட் மீன் வைத்திருக்கிறேன், தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு) 8.2. பிரைம் போட்டு மாற்றியபிறகும் அம்மோனியா டெஸ்ட் பச்சை காட்டுகிறது. பாட்டில் போலியா அண்ணா?

போலி இல்லை தம்பி. நீங்களும் ராண்ட் வாட்டர் வட்டாரம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரமைன் உடைந்தால் கிட்டத்தட்ட அரை மில்லிகிராம் அம்மோனியா வெளியே வரும். நீங்கள் கால்வாசித் தண்ணீர் மாற்றியிருந்தால் தொட்டியில் அது 0.12 அளவுக்கு இறங்கும். பிரைம் கட்டிப்போட்ட அம்மோனியாவையும் கிட் சேர்த்தே காட்டும் என்பதால் லேசான பச்சை வருவது இயல்பு. ஃபில்டர் பழகிய தொட்டி என்றால் அதில் வளர்ந்திருக்கும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் அம்மோனியாவைச் சாப்பிட்டுத் தீர்த்துவிடும். மறுநாள் காலையில் பாருங்கள், மஞ்சளாக இருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் தொட்டியில் அசட்டையாக இருக்க முடியாது. அம்மோனியாவில் விஷமான பகுதி எவ்வளவு என்பதை பி.எச். தீர்மானிக்கிறது. 25 டிகிரி சூட்டில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. பி.எச். 8 ஆனால் ஐந்து பங்குக்கு மேல். பி.எச். குறைந்த தண்ணீரில் நியான் டெட்ரா மீன் தாங்கிக்கொள்ளும் அதே 0.5 மில்லிகிராம் அம்மோனியா, உங்கள் மீனுக்குச் செவுளைச் சுடும். ஒரே நாளில் பாதித் தொட்டியை மாற்றாமல், வாரத்துக்கு இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மின்வெட்டில் ஃபில்டர் பல மணி நேரம் நின்ற நாளில் மாற்றவே வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்: வீட்டு ஜோஜோ டேங்கில் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) மழைத் தண்ணீர் இருக்கிறது. குளோரினே இல்லையே, அப்படியே ஊற்றலாமா?

குளோரின் இல்லை, சரி. உப்பும் இல்லையே! மழைத் தண்ணீரில் பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் காரத்தன்மை கிட்டத்தட்டக் கிடையாது. அதை மட்டுமே ஊற்றிக்கொண்டிருந்தால் ஒரு நாள் பி.எச். திடீரென்று சரியும். கண்டிஷனர் போட்ட குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கூரை துத்தநாகத் தகடா, புதுப் பெயின்ட்டா என்றும் பாருங்கள். முதல் மழையை டேங்குக்குள் விடாதீர்கள்.

பீனிக்ஸ்: குளிர்காலத்தில் கீசர் தண்ணீர் கொஞ்சம் கலந்தேன். மீன் நன்றாக இருக்கிறது, இறால் மட்டும் வரிசையாகச் செத்தது.

செம்பாக இருக்கலாம். சூடான தண்ணீர் செம்புக் குழாயிலிருந்து அதிகமாகக் கரைத்துக்கொண்டு வரும். மீன் பொறுத்துக்கொள்ளும் அளவே இறாலுக்கு எமன். கன உலோகத்தைக் கட்டும் கண்டிஷனர் உண்டு, பின்பக்கத்தில் இ.டி.டி.ஏ. என்று இருக்கும். ஆனாலும் கெட்டிலில் காய்ச்சிய குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து சூடேற்றுவதுதான் நல்லது.

இதன் மறுபக்கமும் தெரிந்துகொள்ளுங்கள். வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போட்டிருக்கும் தொட்டியில் இந்த வகைக் கண்டிஷனரை ஊற்றினால் மருந்தையும் சேர்த்துக் கட்டிவிடும். அப்போது தண்ணீரை வெளியே பக்கெட்டில் வெறும் ஹைப்போவால் சரிசெய்து ஊற்றுங்கள்.

வெருலம்: அவசரம் அண்ணா! ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை, மறந்துபோய் அப்படியே ஊற்றிவிட்டேன். மீன் மேலே வந்து திணறுகிறது.

இவருக்கு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே போடுகிறேன். வீட்டில் விட்டமின் சி மாத்திரை இருக்கிறதா? வெறும் அஸ்கார்பிக் ஆசிட். தண்ணீரில் போட்டால் பொங்குகிற ஆரஞ்சு மாத்திரை கூடாது, அதில் சோடா, வாசனை, இனிப்பு எல்லாம் உண்டு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை நுணுக்கிக் கரைத்தால் 100 லிட்டரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரினை எடுத்துவிடும். ஏர் ஸ்டோனை முழு வேகத்தில் விடுங்கள். தீனி போடாதீர்கள், விளக்கை அணையுங்கள்.

ஆறு கோல்ட்ஃபிஷ்ஷில் ஐந்து பிழைத்தன என்று மறுநாள் சொன்னார்.

லெனேசியா: என் நாலு வயசுப் பையன் பாட்டிலில் பாதியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டான்!

அதிகமானால் கண்டிஷனர் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுக்கும், ஆபத்து அதுதான். காற்றை அதிகமாக விட்டுவிட்டு, முன்பே குளோரின் நீக்கி வைத்த தண்ணீர் இருந்தால் பாதியை மாற்றுங்கள். பிரைமில் அவசரத்துக்கு ஐந்து மடங்கு வரை போடலாம் என்று அதன் பின்பக்கத்திலேயே இருக்கிறது. பாதிப் பாட்டில் ஐந்து மடங்கில் அடங்குமா என்று உங்கள் தொட்டியின் லிட்டரை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவுகிறேன். அதற்கும் கண்டிஷனர் வேண்டுமா?

அந்த மாதிரிக் கழுவவே வேண்டாம் அக்கா, ஸ்பாஞ்சில் இருக்கும் அம்மோனியா தின்னும் பாக்டீரியாக்களைக் குளோரின் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்தால் போதும். பழுப்பாகவே இருக்கட்டும். தரை துடைக்கிற பக்கெட்டில் மட்டும் பிழியாதீர்கள்.