கோடு கீறியவன்

வணக்கம் ஐயா,

மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். தரம் 7 இல் கிழமைக்கு ஒரு பாடவேளை தந்திருக்கிறார்கள். ‘நண்பர்களுடன் இணங்கி வாழ்வோம்’ என்று பிரிஸ்டல் போட்டில் எழுதி ஒட்டி, பகிர்தல், செவிமடுத்தல், மன்னிப்புக் கேட்டல் எல்லாம் படிப்பித்தேன். கேட்டால் ஒப்புவிக்கிறார்கள். இடைவேளை மணி அடித்தால், வாவிக்கு அங்கால உள்ள படுவான்கரையிலிருந்து புதிதாக வந்த பிள்ளையை மட்டும் ஒருவரும் சேர்ப்பதில்லை. அவள் பேசுவதைப் பழித்துக் காட்டுகிறார்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படிப் பழக வேண்டும் என்று மூன்று தரம் சொல்லிக் கொடுத்தேன். இப்போது இடைவேளைக்கு வகுப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. எங்கே பிழை விட்டேன்?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

பழித்தது அவர்கள், பாடம் நடந்தது அவளுக்கு. மூன்று தரம் கூப்பிட்டதில், குறை தன்னில்தான் என்று அவள் விளங்கிக்கொண்டிருப்பாள். பார்த்துக்கொண்டிருந்த வகுப்பும் அப்படித்தான் விளங்கியிருக்கும். உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை. தனியே நிற்கிற பிள்ளை உடனே கண்ணில் படும். தள்ளிவைக்கிற கூட்டம் சிரித்துக்கொண்டு நிற்பதால் தூரத்துக்கு நல்ல சிநேகிதமாகத் தெரியும்.

1990 இல் இடம்பெயர்ந்து மாமி வீட்டில் நின்றபோது எனக்குப் பத்து வயது. பின்னேரங்களில் ஒழுங்கை முகப்பில் கிளித்தட்டு நடக்கும். நிலத்தில் கீறிய கோடுகளில் ஒரு பக்கத்தார் நின்று மறிப்பார்கள், மற்றப் பக்கத்தார் தொடுபடாமல் கடக்க வேண்டும். “நானும் வரட்டா?” என்று கேட்டேன். “ஆள் சரி” என்றார்கள். அடுத்த நாளும் ஆள் சரி. மூன்றாம் நாள் நான் கேட்கவில்லை. மணலில் கோடு அழிந்துகொண்டே இருக்கும், ‘தொட்டாச்சு’, ‘தொடல்ல’ என்று சண்டை வருவதும் அதனால்தான். குதிக்காலால் கோட்டைத் திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டு நின்றேன். அன்று சண்டை வந்தபோது, மறிக்கிற பக்கத்தின் தலைவனான ‘கிளி’ கோட்டை விட்டு இறங்கினானா என்று என்னிடம்தான் கேட்டார்கள். பிறகு ஒருவனைத் தாய் கூப்பிட்டுவிட்டாள். அவன் நின்ற தட்டில் நான் நின்றேன்.

இதை என் கெட்டித்தனம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உளவியலாளர்கள் மார்த்தா புட்டல்லாசும் ஜோன் கொட்மனும் 1981 இல் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பைக் கெடுத்தது. விளையாடுகிற பிள்ளைகளிடம் இன்னொரு பிள்ளை எப்படிப் போய்ச் சேர்கிறது என்று இருவரும் அவதானித்தார்கள். வகுப்பில் மற்றவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத பிள்ளைகள் போனதும் கேள்வி கேட்டார்கள், தங்களைப் பற்றிச் சொன்னார்கள், மறுத்துப் பேசினார்கள். நடக்கிற விளையாட்டோடு ஒட்டிப்போகிற பிள்ளைக்குத்தான் இடம் கிடைக்கிறது.

இதை அவளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம்தான். ஆனால் என்னை மறித்தது வெறும் ‘ஆள் சரி’. அவளை மறிப்பது ஏளனம். அதற்கு முன்னால் எந்தக் கோட்டைக் கீறியும் பலனில்லை.

பழிக்கிறவள் ஒருத்தியாக இருப்பாள், சிரிக்கிறவர்கள் பத்துப் பேர். அந்தப் பத்தில், சிரித்துவிட்டுக் குனிந்துகொள்கிற இரண்டு பேரைக் கண்டுபிடியுங்கள். அவர்களையும் இவளையும் ஒரு வேலையில் போடுங்கள். பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதோ, வாசிகசாலை அலுமாரியை அடுக்குவதோ, எதுவானாலும் சரி. ‘இவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் வாய் திறந்துவிடாதீர்கள்.

போர் நடந்துகொண்டிருந்த 1996 இல், யேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே வந்து களிமண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டி நடித்தார்கள். ஒற்றுமையைப் பற்றி வகுப்பு எடுத்திருந்தால் அவர்களும் உங்கள் தரம் 7 போல அழகாக ஒப்புவித்திருப்பார்கள்.

பேச்சு விசயத்துக்கு ஒன்று செய்து பாருங்கள். அம்மம்மா சொல்கிற, நாங்கள் இப்போது சொல்லாத பத்துச் சொற்களை எழுதிவரச் சொல்லுங்கள். வாவிக்கு அங்கால சொந்தம் இல்லாத வீடு உங்கள் பக்கம் குறைவு. அவளைப் பழிக்கிறவளின் கொப்பியிலேயே அவளுடைய சொல் ஒன்று இருக்கக்கூடும். அதைப் பிடித்துக்கொண்டு புத்தி சொல்லத் தொடங்காதீர்கள். சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த கொப்பிக்குப் போய்விடுங்கள்.

பிரிஸ்டல் போட்டைக் கழற்ற வேண்டாம், அதிபர் தேடுவார்.