அரிசியில போடுற ஸ்வஸ்திகம்

கேள்வி: வந்தவாசி பக்கம் ஒரு ஜினாலயத்துக்கு, அதாவது சமணக் கோயிலுக்குப் போயிருந்தேன். ஒரு பாட்டி பலகை மேல அரிசியால ஸ்வஸ்திக் போட்டு, அதுக்கு மேல மூணு குவியல், அதுக்கும் மேல ஒரு பிறை வச்சாங்க. என்ன அர்த்தம்? எனக்கு ஸ்வஸ்திக்னாலே ஹிட்லர்தான் ஞாபகம் வருது.
- வாசகி, செய்யாறு

பதில்: முதல்ல ஹிட்லரை மனசுலேர்ந்து எடுத்துடுங்க. மதுராவுல கெடச்ச சமணக் கற்பலகைகள்லயே இந்தச் சின்னம் இருக்கு, கிட்டத்தட்ட 2000 வருஷப் பழசு.

பாட்டி போட்டதைக் கீழேர்ந்து மேல படிக்கணும். நாலு கையும் நாலு கதி, அதாவது தேவர், மனுஷர், விலங்கு, நரகர்னு உயிர் சுத்திச் சுத்திப் பொறக்குற இடங்க (செடிகொடியும் விலங்குகதியிலதான் வரும்). தேவகதி உசத்தியாத் தோணும், ஆனா புண்ணியம் தீர்ந்தா அங்கேர்ந்தும் இறங்கித்தான் ஆகணும். மூணு குவியல் மும்மணி, நற்காட்சி (சரியான நம்பிக்கை) நல்ஞானம் நல்லொழுக்கம், சுத்துறதை நிறுத்துற வழி அதுதான். பிறை சித்தசிலை, உலகத்தோட உச்சி. அதுக்கு மேல ஒரு சின்னப் புள்ளி மாதிரி அரிசி இருந்திருக்கும், கவனிச்சீங்களா? அது வினையெல்லாம் தீர்ந்து வீடுபேறு அடைஞ்ச உயிர்.

ஏன் அரிசின்னும் கேட்டிருக்கலாம் நீங்க. நெல்லு முளைக்கும், உமி போன அரிசி முளைக்காது, எனக்கும் இனி பிறவி வேணாம்னு அந்தப் பாட்டி ஒரு வார்த்தை பேசாம கையாலயே சொல்லிட்டாங்க. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்துல மனசு நெகிழ்ந்துடும்.

உள்ளங்கையில சக்கரம் போட்ட சின்னமும் பார்த்திருப்பீங்க, அது மகாவீரர் வீடுபேறு அடைஞ்ச 2500-வது ஆண்டை ஒட்டி 1970-கள்ல சமணத்தோட எல்லாப் பிரிவும் சேர்ந்து ஏத்துக்கிட்டது. நடுவுல 'அஹிம்சா'ன்னு எழுதியிருக்கும். கை காட்டுறது 'நில்லு, யோசிச்சுச் செய்'னு.

கேள்வி: எங்க ஊர் வயல்ல உட்கார்ந்த நிலையில ஒரு சிலை இருக்கு, புத்தர்ங்கிறாங்க. எப்படித் தெரிஞ்சுக்கிறது?
- வாசகர், திண்டிவனம்

பதில்: தலைக்கு மேல பாருங்க. ஒண்ணு மேல ஒண்ணா முக்குடை இருந்தா அருகர்தான், அதாவது சமண சமயத்தோட குருவான தீர்த்தங்கரர். எந்தத் தீர்த்தங்கரர்னு பீடத்துச் சின்னம் சொல்லும், காளைன்னா ரிஷபர், சங்குன்னா நேமிநாதர். சிங்கத்தைப் பார்த்ததும் மகாவீரர்னு முடிவு பண்ணிடாதீங்க, சிம்மாசனத்துலயும் சிங்கம் செதுக்குவாங்க. பழைய சிலைகள் நிறையவற்றுல சின்னமே இருக்காது, அப்போ அருகர்னு மட்டும் சொல்லுங்க.