வானொலியில் பேசுவதைக் கேட்டு யாராவது மாறியிருக்கிறார்களா?

கேள்வி: தன் முன்னேற்றம், சமூக மாற்றம் என்று வானொலியில் மணிக்கணக்கில் உரையாடுகிறார்களே, அதைக் கேட்டு உண்மையிலேயே யாராவது மாறியிருக்கிறார்களா? உங்களுக்குத் தெரிந்து?

மாறியிருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே மூன்று பேர். அவர்களில் ஒருவர் என் அம்மா.

1987. நான் ஏழாம் வகுப்பு. தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தாத்தா வாங்கிய மர்ஃபி ரேடியோ கூடத்து மாடத்தில் பூப்போட்ட உறைக்குள் இருக்கும். மத்தியானம் அடுப்பு வேலை ஒழிந்ததும் அம்மா உறையை நீக்கித் திருச்சி நிலையத்தைத் திருப்புவார். மகளிர் நிகழ்ச்சி தொடங்குவதற்குள் எதிர்வீட்டு அத்தாச்சியும் மேலத்தெருவிலிருந்து இரண்டு பேரும் முறமும் அரிசியுமாக வந்து சேர்ந்துவிடுவார்கள். கேட்டுக்கொண்டே கல் பொறுக்குவார்கள்.

ஒருநாள் காலை அம்மா என்னிடம் ஓர் இன்லண்ட் கடிதத்தைக் கொடுத்து, "நம் ஊர்ப் பெட்டியில் போடாதே. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பாபநாசத்தில் போட்டுவிடு" என்றார். எங்கள் தபால்காரர் எல்லோருடைய முகவரியையும் படிப்பவர். கார்டாக இருந்தால் உள்ளே இருப்பதையும் படித்துவிடுவார். திருச்சி வானொலி நிலையத்தின் முகவரியைப் பார்த்துவிட்டு, அம்மா பாட்டு கேட்டு எழுதியிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெட்டியில் போட்டேன்.

கோடை விடுமுறை தொடங்கியபின் ஒரு மத்தியானம். வானொலியில் ஒரு பெண் மருத்துவரும் நிகழ்ச்சியை நடத்தும் அம்மையாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். "பெயர் குறிப்பிட விரும்பாத தஞ்சை மாவட்ட நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்" என்று அந்த அம்மையார் ஒரு கடிதத்தைப் படித்தார். மாதவிலக்கு பத்துப் பன்னிரண்டு நாள் நிற்பதே இல்லை, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று இருந்தது. மருத்துவர் இரத்தச் சோகை பற்றிச் சொன்னார், தள்ளிப்போடாமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார். எல்லா மருத்துவரும் சொல்வதுதான். அதற்குப் பிறகு அந்த அம்மையார் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. "டாக்டர், வீட்டிலேயே சொல்லக் கூச்சப்படுகிறவர் தனியாக எப்படி ஆஸ்பத்திரிக்கு வருவார்?"

மருத்துவர் உடனே பதில் சொல்லவில்லை. ரேடியோவில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "பக்கத்து வீட்டில் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு வரட்டும். கேட்டுப் பார்த்தால் அவருக்கும் இதே தொந்தரவு இருக்கும்" என்றார்.

முறத்தில் அரிசி அப்படியே கிடந்தது. அம்மா தலை நிமிரவில்லை. சற்று நேரம் கழித்து அத்தாச்சிதான், "எனக்கும் இரண்டு வருஷமாக இப்படித்தான்" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சுவாமிமலைக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு மூன்று பேர் கும்பகோணம் பஸ் ஏறினார்கள். முருகனையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். அத்தாச்சிக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. ஆறே வாரத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அம்மாவுக்குக் கடுமையான இரத்தச் சோகை. மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை, துணைக்குத்தான் போனார். அந்தக் கடிதத்தை எழுதியது அம்மாதான் என்று எனக்கே கல்யாணமான பிறகுதான் தெரியும்.

இரத்தச் சோகையின் அறிகுறிகளை ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். எத்தனையோ முறை அதன் அடியில் நின்று எங்களுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த பெண்கள்தான் இவர்கள். சுவர் செய்யாததை அந்த அரைமணி நேரம் எப்படிச் செய்தது என்பதைப் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். தெருப் பெண் எவரும் மருத்துவரிடம் கேட்டிருக்க முடியாத கேள்வியை, அவர்கள் சார்பில் ஒருவர் கேட்டார். கேட்டவர்கள் தனித்தனியாக இல்லாமல் நான்கு பேராக உட்கார்ந்திருந்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் நடந்தது என்பது என் முடிவு.

இதற்கு என் தெருவைவிடப் பெரிய சான்றும் இருக்கிறது. 1956இல் புனா வானொலி யுனெஸ்கோவின் துணையோடு ஒரு சோதனை நடத்தியது. மகாராஷ்டிரப் பகுதியில் ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வானொலி மன்றம் அமைத்தார்கள். வாரம் இரண்டு நாள், பத்து வாரம், மொத்தம் இருபது நிகழ்ச்சிகள். ஊர்க்காரர்கள் ஒன்றாகக் கூடிக் கேட்பார்கள், ரேடியோவை அணைத்த பிறகு விவாதிப்பார்கள், மன்றச் செயலாளர் அவர்களுடைய கேள்விகளையும் முடிவுகளையும் எழுதி நிலையத்துக்கு அனுப்புவார், பின்வரும் நிகழ்ச்சியில் பதில் வரும். பால் நியூராத் என்ற சமூகவியலாளர் தலைமையில் டாட்டா சமூக அறிவியல் கழகம் இதை அளந்து பார்த்தது. வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களையும் ஒப்பிடுவதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு கணிசமாக உயர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் மாற்றம் மிகக் குறைவு. ஒரே ஒலிபரப்புதான். பேசிக்கொள்ள இடம் இருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

இந்த யோசனை கனடாவிலிருந்து வந்தது. 1941 முதல் 1965 வரை அங்கே உழவர் வானொலி மன்றங்கள் நடந்தன. குளிர்கால இரவுகளில் பண்ணை வீடுகளில் கூடுவார்கள். "படி, கேள், விவாதி, செயல்படு" என்பது அவர்களுடைய முழக்கம். இந்தியாவில் 1959இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கினார்கள். பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்துபோயிற்று. ஊருக்கு ஒரு பஞ்சாயத்து ரேடியோ என்பது போய் வீட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர் வந்ததை எல்லோரும் வளர்ச்சியாகவே பார்த்தார்கள். பஞ்சாயத்து ரேடியோ அறையின் வாசலில் இருட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் கலைந்ததை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

தாத்தாவின் கதையையும் சொல்ல வேண்டும். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி-27 என்ற குறுகிய கால நெல் வந்தது. திருச்சி வானொலியின் பண்ணை இல்ல ஒலிபரப்பு அதைப் பற்றிச் சளைக்காமல் பேசியது. தஞ்சை விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தாத்தா முதலில் நம்பவில்லை. அதிகாரிகள் பேசும்போது எழுந்து போய்விடுவாராம். ஒருநாள் ஒரு விவசாயி பேசினார்: நாற்றங்காலுக்கு எவ்வளவு விதை, எத்தனை மூட்டை உரம், ஆள் கூலி எவ்வளவு என்று தன் கணக்கை அப்படியே ஒப்பித்தார். நடுவில் ஒரு செலவை மறந்துவிட்டுத் திரும்பிப் போய்ச் சேர்த்துக்கொண்டார். "பொய் சொல்கிறவன் கணக்கில் திரும்பிப் போக மாட்டான்" என்று தாத்தா சொல்லி, அடுத்த குறுவைக்கு அரை ஏக்கரில் மட்டும் ரேடியோ நெல் விட்டார்.

ஆனால் அந்த நெல் பரவியதற்கு வானொலியை மட்டும் புகழ்ந்தால் தவறு. 'பேக்கேஜ்' திட்டம் என்று சொன்ன தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதையும் உரமும் கூட்டுறவுக் கடனும் கிராம சேவகரும் அந்தப் பேச்சுக்குப் பின்னாலேயே ஊருக்குள் வந்தார்கள். கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியும் அங்கே போகப் பஸ்ஸும் இல்லாமல் இருந்திருந்தால் அத்தாச்சியின் கதையும் வேறாகியிருக்கும். மனம் மாறினால் போதும் என்று சொல்லும் நிகழ்ச்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான். இரண்டு மணி நேரம் தன்னம்பிக்கை பற்றிப் பேசுகிறார்கள். கூலி, கடன், பஸ், கழிப்பறை என்ற சொற்கள் ஒருமுறைகூட வருவதில்லை. கேட்பவர் கடைசியில் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார்.

தனி ஒருவர் பேசினாலே பயனில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதன் தினமும் காலையில் சில நிமிடம் தனியாகத்தான் பேசினார். ஆனால் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் இருக்கும். பஸ்ஸில் ஏறினால் அன்றைய கதையை யாராவது யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இனி என் சொந்த அனுபவம். காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி, அதாவது ஒரு சிறு பகுதி மக்களுக்கான வானொலி, நடத்த வழி பிறந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004இல் தொடங்கியது. தெலங்கானாவில் ஜகீராபாத் அருகே மாச்சனூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ 2008இல் வந்தது. உரிமம் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர்கள் தங்கள் பேச்சைக் கேசட்டில் பதிந்து சங்கக் கூட்டங்களில் ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை 2016இல் வந்தது. இப்படிச் சென்னையில் ஒரு கல்லூரி நடத்திய நிலையத்தில் நான் 2010 முதல் மூன்று ஆண்டு தன்னார்வலராக இருந்தேன். சுற்றி ஏழெட்டுக் கிலோமீட்டருக்குமேல் எடுக்காது. அது போதுமானதாக இருந்தது.

வீட்டு வேலை செய்யும் பெண்களோடு வார விடுமுறை பற்றி ஒரு தொடர் செய்தோம். நான்கு வீடுகளில் வேலை பார்த்த ஓர் அம்மாவை அவர் வீட்டுக்குப் போய் ஒலிப்பதிவு செய்தேன். "ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும் என்று முதன்முதலில் எப்படிக் கேட்டீர்கள்?" என்றேன். அவர் பேசவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு விசில் அடித்தது. பிறகு, "கேட்கவில்லை. பாத்திரம் கழுவி முடித்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றேன். அவர்களே என்ன என்று கேட்டார்கள்" என்றார். தொகுக்கும்போது அந்த மௌனம் பதினோரு நொடி இருந்தது. நேரம் போதவில்லை என்று வெட்டிவிட்டேன்.

ஒலிபரப்பான மறுநாள் அவர் நிலையத்துக்கே வந்துவிட்டார். கோபமில்லை, வருத்தம். "நான் டக்கென்று பதில் சொன்ன மாதிரி இருக்கிறதே அக்கா. அவ்வளவு சுலபமாக வாயில் வந்திருந்தால் ஆறு வருஷம் ஏன் சும்மா இருந்தேன்? கேட்கிற பெண்கள் நமக்கு மட்டும்தான் முடியவில்லை என்று நினைத்துக்கொள்வார்களே" என்றார். நான் ஊடகப் படிப்பில் கற்றதையெல்லாம் விட இது பெரிய பாடம். மறு ஒலிபரப்பில் பதினோரு நொடியையும் குக்கர் விசிலோடு திருப்பி வைத்தோம். அந்தக் குடியிருப்பில் ஒன்பது பெண்கள் கூடிக் கேட்டார்கள், பேசினார்கள், ஒரே வாரத்தில் அவரவர் வீடுகளில் கேட்பது என்று முடிவு செய்தார்கள். பெரும்பாலான வீடுகளில் மாதம் இரண்டு ஞாயிறு கிடைத்தது. ஒருவருக்கு இருந்த வேலையும் போயிற்று. மற்றவர்கள் சேர்ந்து அவருக்கு வேறு வீடு பார்த்துக் கொடுக்க ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதத்தை நான் மறக்கவில்லை. வானொலியில் ஒருவரைத் துணிந்து கேட்கச் சொல்கிறவருக்கு அதில் பங்கு உண்டு.

நீங்கள் கேட்பவராக இருந்தால், காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு தனியாகக் கேட்காமல், பிடித்த நிகழ்ச்சி ஒன்றை மாதத்துக்கு ஒருமுறையாவது இன்னொருவரோடு உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். நிலையத்துக்கு எழுதுங்கள், தொலைபேசியில் கூப்பிடுங்கள். நிகழ்ச்சி செய்பவராக இருந்தால், விருந்தினர் யோசிக்கும் நேரத்தை வெட்டாதீர்கள்.

அத்தாச்சிக்கு இப்போது எண்பது வயதாகிறது, நன்றாக இருக்கிறார். அம்மா இன்றுவரை அவரிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. இதை எழுதலாமா என்று நேற்று இரவு தொலைபேசியில் கேட்டேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "எழுது. ஊர்ப் பெயரை மட்டும் போடாதே" என்றார்.