கூட்டத்துக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமே?

வணக்கம் மேடம்.

பாம்பன் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 38. விசைப்படகு டிரைவர். மீசை முளைக்கும் முன்பே குடிக்கப் பழகியவன். சமீபத்தில் வெளியூர் மருத்துவமனை ஒன்றில் தங்கிச் சிகிச்சை எடுத்துத் திரும்பினேன். கை நடுக்கம் நின்றுவிட்டது, சாப்பாடு இறங்குகிறது, மகள் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். அனுப்பும்போது, "ஏஏ கூட்டத்துக்குத் தவறாமப் போங்க, குடியை விட நினைக்கிறவங்க கூடிப் பேசுற இடம்" என்றார்கள். எங்கே நடக்கிறது என்று கேட்டதற்கு, "உங்க ஊர்ப் பக்கம் விசாரிங்க" என்று முடித்துவிட்டார்கள். யாரிடம் விசாரிப்பது? எங்கள் ஊரில் நான் ஒரு வாசலில் நுழைந்தால் அரை மணி நேரத்தில் கரை முழுக்கத் தெரிந்துவிடும்.

தவக்காலத்தில் எந்த வருடமும் தொடமாட்டேன். ஈஸ்டர் முடிந்ததும் ஆரம்பித்துவிடுவேன். இந்த வருடம் அதோடு, ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலமும் வருகிறது. 61 நாள் கரையில் சும்மா இருக்க வேண்டும். கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். பயமாக இருக்கிறது. கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? போனால் என்ன கேட்பார்கள்?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

தவக்காலம் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த நாற்பது நாளும் உங்களால் முடிகிறது. அப்போது வீடே விரதம், தெருவே விரதம். கூட்டாளியும் வற்புறுத்துவதில்லை. ஈஸ்டர் வந்ததும் எல்லோரும் விரதத்தை முடித்துக்கொள்கிறார்கள், நீங்கள் மட்டும் தனியாகத் தொடர வேண்டியிருக்கிறது. உங்களுக்கு மனவலிமை இல்லை என்று நான் நம்பவில்லை. துணை இல்லை. அந்தத் துணையை வருடம் முழுக்கத் தருவதற்குத்தான் ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்.

அது தொடங்கியதே ஒரு போன் அழைப்பில்தான். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் என்ற பங்குத் தரகர், போன வேலை கெட்டுப்போய், தங்கிய ஓட்டலின் பாரைப் பார்த்துப் பயந்து நின்றார். உள்ளே போகாமல், அங்கிருந்த முகவரிப் பட்டியலைப் பார்த்துப் பாதிரியார் ஒருவருக்குப் போன் செய்து, பேச ஒரு குடிநோயாளி கிடைப்பாரா என்று கேட்டார். கடைசியில் கிடைத்தவர் பாப் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். இருவருமாகத் தொடங்கியதுதான் இந்த அமைப்பு.

நீங்களும் போனிலிருந்தே தொடங்குங்கள். ஏஏ கூட்டத்துக்குப் பெரிய போர்டு வைக்கமாட்டார்கள், தெருவில் தேடினால் கிடைக்காது. சிகிச்சை எடுத்த இடத்து ஆலோசகரை மறுபடி கூப்பிட்டு, "ராமநாதபுரம் மாவட்டத்து ஏஏ உறுப்பினர் ஒருவரை என்னிடம் பேசச் சொல்லுங்கள்" என்று குறிப்பாகக் கேளுங்கள். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் உதவி எண்கள் இருக்கின்றன. அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கட்டணம் இல்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும், உங்கள் பங்குத்தந்தையிடமும் விசாரிக்கலாம். பல ஊர்களில் இந்தக் கூட்டங்கள் தேவாலய வளாக அறைகளில்தான் நடக்கின்றன. கிளம்பும் முன் கிழமையையும் நேரத்தையும் போனில் உறுதி செய்துகொள்ளுங்கள். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தானே கடலுக்குப் போகிறது, மற்ற நாளில் வரும் கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஊருக்குத் தெரிவது பற்றி. பக்கத்து ஊரில்தான் போக வேண்டும் என்று சட்டமில்லை. பஸ் ஏறி ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ போங்கள். குடிநோயாளிகள் மட்டும் கலந்துகொள்ளும் 'மூடிய கூட்டம்' என்று ஒன்று உண்டு, அதைக் கேட்டுப் போங்கள். முகவரி கேட்கமாட்டார்கள். கட்டணம் கிடையாது, தட்டு வந்தால் முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொல்வார்கள். உங்களுக்குப் பேச வரவில்லையா, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள். எந்த மதத்தவரும் வரலாம்.

வரும்போது ஒருவருடைய நம்பரையாவது வாங்கி வாருங்கள். கூட்டத்தைவிட இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். கூட்டம் வாரத்தில் ஒருநாள் இருக்கலாம், ஆசை வருவது மீன் விற்ற பங்குப் பணம் கைக்கு வரும் மாலையில், அல்லது தடைக்காலத்தில் ஒரு மதியத்தில். முதல் கிளாஸுக்கு முன் அந்த நம்பரைக் கூப்பிடுங்கள். நேரில் போக முடியாத வாரத்தில் ஆன்லைன் கூட்டங்களும் உண்டு.

தடைக்காலம் தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள், அதற்கு முன்பே ஒரு கூட்டத்துக்காவது போய்வந்துவிடுங்கள். ஒருவேளை மீண்டும் தினமும் குடிக்கும்படி ஆகிவிட்டால், வீட்டிலேயே திடீரென்று நிறுத்தாதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அப்புறம் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள் அம்மா. அப்படிக் கொடுக்கப்படும் சில மருந்துகள், அதற்கு மேல் சாராயம் குடித்தால் இதயத்தையே பாதிக்கும். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. அவர் தன் கூட்டத்தை விசாரிக்கும் அதே போனில் உங்களுக்கும் சேர்த்து விசாரிக்கச் சொல்லுங்கள்.