கொல்லை இல்லாத வீடு

அன்புள்ள சார்,

நான் உங்க ரொம்ப நாள் வாசகி. வயசு 62. கும்பகோணத்துல இருந்த சொந்த வீட்ட குடுத்துட்டு, பையன் சோழிங்கநல்லூர் பக்கம் வாங்கின ஃப்ளாட்டுக்கு வந்து மூணு மாசம் ஆகுது. பதினோராவது மாடி. எனக்கு 12 வருஷமா சுகர் இருக்கு, ஆனா ஊர்ல கன்ட்ரோல்லதான் இருந்துச்சு. இங்க அதே மாத்திரை, அதே சாப்பாடு, ஆனா சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தா 240, 250ன்னு காட்டுது. சராசரி சுகர காட்டுற எச்பிஏ1சி டெஸ்ட் 7.1 இருந்தது, போன வாரம் 8.4. ஆர்ஓ தண்ணி ஒத்துக்கலயோன்னு சந்தேகமா இருக்கு. கட்டில் போட்ட திசை சரியில்லன்னு நாத்தனார் சொல்றாங்க. பையன் கீழ ஜிம் இருக்கு சேருங்கறான். நான் கேக்க வந்தது, ஊர் டாக்டர்கிட்டயே போன்ல கேட்டு மாத்திரைய மாத்திக்கலாமா, இல்ல இங்கயே புதுசா யாரயாவது பாக்கணுமா? பேர் போட வேண்டாம்.

அன்புள்ள அம்மா,

உங்க லெட்டர படிச்ச உடனே பதில் எழுத உக்காந்துட்டேன், ஏன்னா கொஞ்ச நாளாவே இதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு. எங்க ஏரியாவுலயும் ஊர்லேர்ந்து பிள்ளைங்க ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்த பெரியவங்க நிறைய பேர், எல்லாரும் பாடறது ஒரே பாட்டுதான், அங்க நல்லாத்தான் இருந்தேன், இங்க வந்துதான் எல்லாம்னு.

கட்டில் எந்தத் திசைய பாத்தாலும் கணையத்துக்கு அதெல்லாம் தெரியாது, நாத்தனார்கிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க. ஆர்ஓ தண்ணி உப்ப எடுக்கும், சுகர ஏத்தாது. ஓஎம்ஆர் பக்கம் பாதி இடத்துல லாரித் தண்ணியும் போர் தண்ணியும்தான், அத அப்படியே குடிச்சுப் பாருங்க, அப்புறம் ஆர்ஓ மேல மரியாத வந்துடும்.

அதே மாத்திரை, அதே சாப்பாடுன்னு எழுதினீங்களே, அதே நடையான்னு ஒரு வார்த்தை இல்லயே அம்மா?

நான் ஊர்ல வாக்கிங்கே போனதில்லயேன்னு சொல்லுவீங்க. போயிருக்க மாட்டீங்க, தேவையே இருந்திருக்காது. உங்க வீடு எந்தத் தெருன்னு எழுதல, ஆனா அந்தப் பக்கத்து பழைய வீடுங்க எனக்குத் தெரியும், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, அதையும் தாண்டி கிணத்தடி, கொல்லைன்னு ரயில் பொட்டி கோத்த மாதிரி போயிட்டே இருக்கும். வாசல்ல கீரைக்காரம்மா குரல் கேட்டா கொல்லையிலேர்ந்து ஓடி வரணும், வந்தா சில்லறை கூடத்து அலமாரில இருக்கும், அத எடுத்துட்டு மறுபடி வாசல், கீரைய அடுக்களைல வெச்சுட்டு, ஆஞ்ச தண்ட கொல்லைல கொட்டிட்டு, கொல்லைக்கு வந்தது வந்தோம்னு துணிய திருப்பிப் போட்டுட்டு, அதுக்குள்ள வாசல்ல போஸ்ட்மேன். ஒரு கட்டு கீரைக்கு இவ்ளோ நடை! இத யாரும் எக்சர்சைஸ்னு கணக்குல எழுதல, ஆனா உடம்பு எழுதி வெச்சிருக்கு.

இப்ப? சோஃபாவுலேர்ந்து கிச்சன் பத்தடி, பாத்ரூம் அஞ்சடி. கறிவேப்பிலைய கூட ஒரு பையன் பைக்ல கொண்டாந்து கதவுல மாட்டிட்டுப் போறான். குப்பை எடுக்க ஆள், துணிக்கு மெஷின், எல்லாத்துக்கும் மேல "நீ உக்காரும்மா நான் பாத்துக்கறேன்"னு ஒரு பையன். பாசம்தான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா சுகர் இருக்குற அம்மாவ நாள் பூரா உக்கார வெக்கறது என்ன பாசம்னு எனக்குப் புரியல. உங்களையும்தான் சொல்றேன், அவன் சொன்னா நீங்க உக்காந்துடுவீங்களா? முழு கல்யாணச் சமையலையும் நின்னு பாத்த தலைமுறை நீங்க!

இன்னொண்ணு கவனிங்க. உங்களுக்கு எகிறினது சாப்பிட்ட பிறகு பாக்குற ரீடிங். வெறும் வயித்துல எவ்ளோன்னு நீங்க எழுதவே இல்ல, அதையும் பாருங்க. சாப்பாட்டுல வர்ற சுகர்ல ஒரு பெரிய பங்கு போய்ச் சேர வேண்டிய எடம் தசைதான், அதுவும் தொடையும் கெண்டைக்காலும் வேலை செஞ்சா இன்சுலின் சரியா எடுபடாதவங்களுக்கும் ரத்தத்துலேர்ந்து சுகர இழுத்துக்கும். ஊர்ல சாப்பிட்டு எழுந்தா பாத்திரத்த கிணத்தடில போடணும், எச்சில் இலைய கொல்லைல மாட்டுக்குப் போடணும், அதாவது சுகர் ஏறுற நேரத்துல கால் ஓடிட்டு இருந்துச்சு. இங்க சாப்பிட்டதும் சீரியல். எச்பிஏ1சிங்கறது ரெண்டு மூணு மாசத்து கணக்கு, சுகர் ஒட்டிக்கிற ரத்தச் சிவப்பணு ஒண்ணோட ஆயுசே சுமார் 120 நாள்தான், அதனால அந்த 8.4 பெரும்பாலும் ஃப்ளாட்டு கணக்கு.

எங்கம்மாவ பத்தி சொல்லணும். மாயவரத்துலேர்ந்து மடிப்பாக்கத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தாங்க, அவங்களுக்கும் சுகர். காலைல டிபன் ஆனதும் பையத் தூக்கிட்டு கறிவேப்பிலை கொத்தமல்லி வாங்கப் போவாங்க. மத்தியானம் சாப்பிட்டதும் தீப்பெட்டி. ராத்திரி தோசை ஆனதும் மறுநாளைக்குப் பால் பாக்கெட். எதையும் சேத்து வாங்க மாட்டாங்க. அண்ணனுக்கு மானம் போகுது, அபார்ட்மென்ட்ல எல்லாரும் என்ன நெனப்பாங்கன்னு, "ஏம்மா ஒரே தடவையா வாங்கிட்டு வந்தா என்ன?"ன்னு ஒருநாள் கத்திட்டான். அம்மா செருப்ப மாட்டிக்கிட்டே, "ஒரே தடவையா சாப்ட்டுடறோமாடா?"ன்னு கேட்டுட்டு லிஃப்ட்ல ஏறிட்டாங்க. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. இன்சுலின், தசை, இந்தக் கதையெல்லாம் அவங்களுக்குத் தெரியாது, வீட்டுக்குள்ள உக்காந்தா மூச்சு முட்டுதுன்னுதான் சொல்லுவாங்க. அப்படிப் போய்ப் போய்தான் எதுத்த பிளாக்ல ரெண்டு பேரு சிநேகமும் ஆச்சு. உங்க லெட்டர்ல சுகர், கட்டில், தண்ணி எல்லாம் இருக்கு, அங்க யார்கூடவாவது பேசறீங்களான்னு மட்டும் இல்ல. அது எனக்கு சுகர விடக் கவலையா இருக்கு.

அதனால மூணு வேளையும் சாப்பிட்ட பிறகு பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க. வேகமெல்லாம் வேண்டாம். மழைன்னா உங்க மாடி காரிடார்லயே நடங்க. குப்பைய நீங்களே கொண்டு போங்க. அதுக்காக நான் சொன்னேன்னு பதினோரு மாடி படி ஏறிடாதீங்க, முட்டிக்கு ஆகாது, லிஃப்ட்லயே போங்க. கட்டாயம் செருப்போட, ராத்திரி படுக்கும்போது ரெண்டு பாதத்தையும் வெளிச்சத்துல புரட்டிப் பாருங்க, சுகர்காரங்களுக்கு புண்ணு வலிக்காமயே பெருசாகும். கிளிமிபிரைட் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு நடை கூடினா சில நேரம் சுகர் திடீர்னு எறங்கி கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பையில கொஞ்சம் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ இருக்கட்டும்.

ஆங், டாக்டர். நீங்க கேட்டதே அதான் இல்ல. இங்கயே, பக்கத்துலயே ஒருத்தர பாருங்க, போன்ல யாரும் உங்க பாதத்தப் பாக்க முடியாது. சுகர் ஏறினதுக்கு யூரின் இன்ஃபெக்ஷன் மாதிரி வேற காரணம் ஏதாவது இருக்கான்னும் அவர்தான் பாக்கணும், நான் சொன்ன நடைய மட்டும் நம்பி உக்காந்துடாதீங்க. பழைய ஃபைல், சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. ஊர் டாக்டர விட்டுடணும்னு இல்ல, 12 வருஷம் பாத்தவரு, போன் பண்ணி சொல்லுங்க. ஆனா மாத்திரைய கூட்டுறது கொறைக்கறது நேர்ல பாக்கறவர் சொல்லித்தான்.

ஜிம் வேணும்னா போங்க, எனக்கு ஒண்ணுமில்ல. பையன் ஓஎம்ஆர்ல ஐடி கம்பெனின்னு நெனக்கறேன், பத்து மணி நேரம் சேர்ல இருப்பாரு. அம்மாவுக்கு சுகர் இருந்தா பிள்ளைக்கும் வர வாய்ப்பு ஜாஸ்தி. அவரோட சுகர கடைசியா எப்ப பாத்தாருன்னு கேட்டு, அதையும் எனக்கு எழுதுங்க.