வாக்குச்சீட்டின் கீழ்ப்பாதி

அன்புள்ள ஐயா,

செயின்ட் லூயிஸில் பல வருடங்களாக இருக்கிறேன். 2024 நவம்பர் தேர்தலிலிருந்து பக்கத்து வீட்டாரோடு பேசவே பிடிக்கவில்லை. அவர் வாசலில் டிரம்ப் பலகை. அதே நாளில் எங்கள் மிசௌரி மாநிலத்தில் கருக்கலைப்பு உரிமையும், சம்பளத்தோடு நோய் விடுப்பும் வாக்கெடுப்பில் ஜெயித்ததை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா?

க.

அன்புள்ள க.,

தேற்றிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் 'நம்ம ஆட்கள் இங்கேயாவது ஜெயித்தார்களே' என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். மிசௌரியில் டிரம்பை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸுக்கு விழுந்தது சுமார் 40 சதவீதம். நோய் விடுப்பும் ஊதிய உயர்வும் சேர்ந்த 'ப்ரோபொசிஷன் ஏ'வுக்கு 57க்கு மேல். மிச்சம் 17 எங்கிருந்து வந்தது? வாக்குச்சீட்டின் மேலே டிரம்புக்குப் போட்டவர்களில் பலர்தான், அதே சீட்டில் கீழே இறங்கி வந்து இதற்கும் 'ஆம்' போட்டிருக்கிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டாரும் அதில் ஒருவராக இருக்கலாம்.

கென்டக்கியைப் பாருங்கள். டிரம்ப் அமோகமாக வென்ற மாநிலம். தனியார் பள்ளிகளுக்கு அரசுப் பணம் போக வழிவிடும் திருத்தத்தை அங்கே 120 கவுண்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தோற்கடித்தார்கள். ஒன்றுகூட விதிவிலக்கில்லை! கிராமப்புறத்தில் பல இடங்களில் பிள்ளைகளை அனுப்ப அரசுப் பள்ளியை விட்டால் வேறு கிடையாது. ஊரில் பலருக்கு வேலை கொடுப்பதும் அதுதான். எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஹாரிஸ் வென்ற கலிஃபோர்னியாவில், சிறைக்கைதிகளிடம் கட்டாய வேலை வாங்குவதை நிறுத்தும் திருத்தம் தோற்றது. அதைச் சொல்லி ஹாரிஸுக்குப் போட்ட உங்கள் ஆட்கள் யாரும் தேற்றிக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று. அந்த நோய் விடுப்பு இப்போது இல்லை. முப்பது மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர விடுப்பு என்று 2025 மே 1 அன்று வந்தது. ஆகஸ்ட் 28 அன்று போனது. நாலு மாதம்கூட இல்லை. மக்கள் அதைச் சாதாரணச் சட்டமாகத்தான் நிறைவேற்றியிருந்தார்கள், மாநில அரசியலமைப்பில் ஏற்றவில்லை. அதனால் சட்டமன்றம் அவர்களைத் திரும்பக் கேட்காமலே நீக்கிவிட்டது. கருக்கலைப்பு உரிமை அரசியலமைப்பில் ஏறியது. அதை எடுக்க வேண்டுமென்றால் மறுபடி மக்களிடம்தான் வரவேண்டும். அதனால்தான் 2026 நவம்பர் வாக்குச்சீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

சரி, பக்கத்து வீட்டாரிடம் டிரம்பைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த நோய் விடுப்பு என்ன ஆயிற்று என்று வேலி ஓரமாக நின்று கேட்டுப் பாருங்கள். அவருக்கும் கொஞ்சம் கோபம் இருக்கலாம்.